மேற்குப் பாறையிலிருந்து பார்த்த கப்பல்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டுமாம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் என்ன செய்வது என்று எவனும் யோசித்திருக்க மாட்டான். காலையில் என் மனைவியை அவள் தமையனோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட்டேன். மதியத்துக்கு மேல்தான் கிளம்பும் என்றார்கள். துறைமுகத்திலேயே நின்றால், முனை திரும்பியதும் கப்பல் மறைந்துவிடும். மலைக்கு மேற்கே ஒரு பாறை இருக்கிறது, அங்கிருந்து வெகுதூரம் தெரியும் என்றார் என்னோடு கடையில் வேலை பார்த்த அண்ணன். இருவரும் நடந்தோம்.

மலையடிவாரத்து ஊரான ஆயர் ஈத்தாம் தாண்டியதும் காடு. அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம்; நான் நிற்கவில்லை. செங்குத்தான சரிவுகளில் வேரைப் பிடித்து ஏறினோம். பாறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடலில் ஒரே ஒரு கப்பல், புகை விட்டுக்கொண்டு. தலைத்துண்டை அவிழ்த்து வீசினேன். தோள் வலித்தும் விடவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தம்பி, அது பெருசாகிக்கிட்டே வருதே.”

வேறு யார் வீட்டுக்காரிகளோ வருகிற கப்பல். ஆனாலும் கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை.