பில்பின் மலையில் ஒரு ஜப்பான் கோயில்

2009 ஜூன், ஒரு ஞாயிறு. காலை எட்டரைக்கு சிட்னியின் டூங்கபியிலிருந்து காரை எடுத்தேன். பக்கத்தில் அண்ணி. வன்னியில் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை. அங்கே இருந்த அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. அண்ணி வீட்டைவிட்டு வெளியே வந்ததே அன்றுதான்.

என்னோடு வேலை செய்யும் கென்ஜி கூப்பிட்டிருந்தான். அவன் மாமனாருக்கு பில்பினில் அப்பிள் தோட்டம். அதற்குள் ஷிண்டோ கோயில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார். ஷிண்டோ என்பது ஜப்பான்காரரின் பழைய சமயம்.

வின்ட்சர், ரிச்மண்ட், பிறகு மலையேற்றம். அறுபது கிலோமீற்றர் வரும். பத்து மணிக்குச் சேர்ந்தோம். இங்கே ஜூன் குளிர்காலம்; நிழலில் பனி உருகவில்லை.

இரண்டு சிவப்பு மரத்தூண், மேலே குறுக்குச் சட்டம். அதுதான் வாசல். கதவு இல்லை. அங்கால் ஆளுயர மரக்கோயில். சிலையும் இல்லை. மலைக்கும் மரத்துக்கும் உள்ள சாமி என்றான் கென்ஜி. சிட்னி ஜப்பான் குடும்பங்கள் புதுவருடத்துக்கு இங்கே வருவார்களாம். பிறந்த பிள்ளையையும் கொண்டுவந்து காட்டுவார்களாம்.

சப்பாத்தைக் கழற்றினேன். கென்ஜி சிரித்தான். “போடு, போடு. கால் விறைத்துவிடும்.”

வாசலுக்கு முன்னால் கல்தொட்டி. அகப்பையால் அள்ளிக் கை கழுவினோம். பிறகு கென்ஜி என் உள்ளங்கையிலும் தன் கையிலும் கொஞ்சம் ஊற்றினான். தீர்த்தம் என்று குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவினேன்.

கென்ஜி தன் வாய்த் தண்ணீரைக் கீழே துப்பினான்.

“கொப்பளிக்கிற தண்ணியையோ குடிச்சனீர், தம்பி?” அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார்.

வாசலில் கென்ஜி நின்றான். “குறை நினைக்காதே. உங்கள் வீட்டில் அண்மையில் யாரும் இறந்தார்களா? இறந்தால் ஐம்பது நாள் நாங்கள் இதைத் தாண்டுவதில்லை.”

எங்கள் துடக்கும் இப்படித்தான். செத்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போவதில்லை. அண்ணன் இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

“என்னவாம்?” என்று அண்ணி கேட்டார்.

“செத்த வீடெண்டா உள்ளுக்குப் போகக்கூடாதாம், அண்ணி.”

என்னைப் பார்த்தார். “அதுக்கேன் நீர் நிக்கிறீர்? எங்களுக்கென்ன துடக்கு?”

உள்ளே நடந்தார்.

வெளியே நின்றால் அண்ணன் செத்தான் என்று நானே சொன்னதாகிவிடும். ஒருவரும் சாகவில்லை என்று கென்ஜிக்குச் சொன்னேன். பின்னால் போனேன். இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டிக் கும்பிட வேண்டும். அண்ணி பலமாகத் தட்டினார்.

பன்னிரண்டுக்குத் திரும்பினோம். அப்பிள் ஒரு பை ஐந்து டொலர். ஜப்பான் கோயிலும் எங்கள் கோயிலும் வாசலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பதில் தெரியாத ஆள் எங்கே நிற்பது என்று இரண்டிலும் எழுதி வைக்கவில்லை.

ரிச்மண்ட் தாண்டும்போது அண்ணி சொன்னார். “காணாமப் போன ஆக்களைத் தேடுற கந்தோர் இஞ்சயும் இருக்காம். நாளைக்கு அவற்ற பேரைக் குடுப்பம். நீர் லீவு போடும்.”

“ஓம்” என்றேன்.