ஞாயிற்றுக்கிழமைப் புலி

எங்கள் வீட்டில் புலி பார்த்தவர் அப்பா. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். பால்காரருக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும். அப்பாவோடு ஒரே ஷிப்டில் லேத் ஓட்டியவர்களுக்கு அந்தப் புலியின் வால் எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதுவரை தெரியும். அதே பயணத்தில் அம்மா மயில் பார்த்தாள் என்பதும் தெரிந்த செய்திதான், ஆனால் அதை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், பொங்கல் லீவுக்கு முதுமலை போவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் அப்பா, சித்தப்பா, எதிர் பிளாக் அங்கிள் மூவரும். சித்தப்பா திருமுல்லைவாயிலில் குடியிருந்தார், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அங்கிளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், அப்பாவுடைய ஃபேக்டரியிலேயே வேலை. மூன்று குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மாதா கோயிலில் பூசை பார்க்கிறவர்கள். அதைவிட முக்கியம், அங்கிளிடம் பைனாகுலர் இருந்தது. ஒரு வேன் பேசினார்கள். பெண்களைக் கலந்துகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. எத்தனை கிலோ அரிசி எடுத்து வைப்பது என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியும் முன் கிளம்பி, முதலில் வேடந்தாங்கலுக்குப் போனோம். ஏரி முழுக்கப் பறவை. மரங்கள் மேல் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. ஆண்கள் பைனாகுலரோடு கோபுரத்தில் ஏறிக்கொண்டார்கள், என் அண்ணனும் அவர்களோடு போனான். அம்மா, சித்தி, எதிர் பிளாக் ஆன்ட்டி மூவரும் கீழே ஜமக்காளம் விரித்து, புளிச்சோற்றையும் உருளைக்கிழங்கையும் இலையில் வைத்து, இறங்கி வந்தவர்களுக்குப் பரிமாறி, இலை எடுத்து, தூக்குகளைக் கழுவி முடித்தபோது பைனாகுலர் உறைக்குள் போய்விட்டது.

"பறவதானே அண்ணி, எல்லாம் ஒரே மாதிரிதான் கீது" என்றார் சித்தப்பா.

அம்மா கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, கரையில் நின்றபடியே பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா திரும்பவில்லை. இரண்டாம் தடவை அடித்தார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வேனுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் யாரையும் காக்க வைக்காதவள் அம்மா. அன்றைக்கே அப்பா உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் முதுமலையில் காட்டு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் காட்டுக்குள் ஒரு ஜீப் போகும், டிரைவரையும் ஃபாரஸ்ட் கார்டையும் விட்டால் நான்கு பேர்தான் உட்காரலாம் என்றார்கள். யார் அந்த நான்கு பேர் என்பதில் விவாதமே நடக்கவில்லை. ஃபேக்டரி பஸ்ஸில் அவரவர் சீட்டு அவரவருக்கு என்பதுபோல் அப்பா, சித்தப்பா, அங்கிள், அண்ணன் நால்வரும் போய் ஏறிக்கொண்டார்கள். நானும் வருவேன் என்று அழுதேன். பெண்பிள்ளை பயந்து கத்திவிடும் என்று சொல்லிவிட்டார் அப்பா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புலி அவர்களைப் பார்த்துக் கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

விடுதிக்குப் பின்னால் அம்மா ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தாள். சித்தி வெங்காயம் உரித்தாள். அரிசி வேகும் நேரத்துக்குள் ஜீப் திரும்பிவிட்டது. அப்பா இறங்கும்போதே கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். புலி பார்த்துவிட்டார்களாம்!

முதலில் அந்தப் புலி புதருக்குள் இருந்தது. ரசம் ஊற்றும்போது புதரைவிட்டு வெளியே வந்தது. மோருக்கு வருவதற்குள் ரோட்டின் நடுவில் நின்று அப்பாவை முறைத்தது. அங்கிள் தன் பங்குக்கு ஒரு உறுமல் சேர்த்தார். அண்ணனை இழுத்துக்கொண்டு போய் நெசமாகவா என்று கேட்டேன். "செடி ஆடுச்சுடி. உள்ள புலின்னு சித்தப்பா சொன்னாரு" என்றான் அவன். அப்புறம் அவனுக்கே பயம் வந்து, "யாருகிட்டயும் சொல்லாத" என்றான்.

கை கழுவியதும் அப்பா மறுநாள் திட்டத்தை அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குக் கிளம்பிக் கூடலூர் போனால் காலைப் பூசை கிடைக்கும், அப்படியே ஊட்டி.

"நாளைக்குக் காலைல ஒரு ஜீப் போவுதாம். நாங்க நாலு பேரும் அதுல போறோம். கார்டாண்ட சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. நான்கு பேர் என்றால் அவள், சித்தி, ஆன்ட்டி, நான்.

அப்பா சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அப்ப பூசை?"

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கும் சேத்து வேண்டிகினு வாங்க."

இதைக் கேட்டு நானே பயந்துபோனேன். அம்மா கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஞாயிறு பூசையையும் விட்டதில்லை. அம்மை போட்டிருந்தபோதுகூடக் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை கண்டவள். ஜுரம் என்று நாங்கள் சுருண்டு படுத்தால், தொட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து கிளம்பு என்பாள். அந்த அம்மா புலிக்காகப் பூசையை விடுகிறாள்.

"நாளைக்கு டிபனு?" என்றார் அப்பா. அது அவருடைய கடைசி ஆயுதம்.

"பிரட்டு கீது. ஜாமு கீது. தடவத் தெரியும்ல?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆன்ட்டி, "யக்கா, நானும் வாரேன். பாத்துருவோம்" என்றாள். அங்கிள் வேறு பக்கம் திரும்பி பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தார்.

காலையில் ஒரு தவறு நடந்தது. பூசைக்குப் போகாவிட்டாலும் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் அந்தப் பழக்கத்திலேயே தயாராகிவிட்டார்கள். சித்தி கிறிஸ்துமஸுக்கு எடுத்த சிவப்புப் பட்டு, ஆன்ட்டி மஞ்சள் நைலக்ஸ், அம்மாவுக்கும் எனக்கும் தலை நிறைய மல்லிகை, எல்லாருக்கும் கழுத்துவரை பவுடர். ஜீப் பக்கத்தில் நின்ற கார்டு எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்படியே வந்தீங்கன்னா ஒண்ணுமே நிக்காதுங்கம்மா. இந்த வாசனைக்குக் காடே காலியாயிருமுங்க."

ஆண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா சிரித்தது கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவ்வளவுதான், விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து விடுதிக் கதவின் கொண்டியில் மாட்டினாள். என் பூவையும் எடுத்தாள். பம்புக்குப் போய், அந்தத் தை மாதக் குளிரில், ஐஸ் தண்ணீரில் முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவினாள். மற்ற இருவரும் கழுவினார்கள். என் முகத்தை அம்மா தேய்த்த தேய்ப்பில் தோலே கையோடு வந்துவிடும் என்று பட்டது. புடவை மாற்ற நேரமில்லை. அப்பாவின் டாங்கி ஃபேக்டரி கேன்டீனில் வாங்கிய பச்சைக் கம்பளிகளைக் குளிருக்கென்று கொண்டுவந்திருந்தோம், ராணுவப் பச்சை. அவற்றை எடுத்து வந்து ஆளுக்கொன்று தலையோடு போர்த்தி விட்டாள்.

"இப்ப ஓகேவாண்ணே?"

கார்டு கதவைத் திறந்துவிட்டார். கடைசி நேரத்தில் அம்மா வேனின் ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினாள். அங்கிள் பைனாகுலரைக் கொடுத்தார்.

காடு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. காய்ந்த மரம், முள்ளுச்செடி, பனி. ஆன்ட்டி உள்ளங்கைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள், உதடுதான் அசைந்தது. கார்டு விரலை நீட்டிய இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு தெரியும். ஒரு மரம் முழுக்கப் பச்சைப் புறாக்கள், இலையோடு இலையாக. தலையில் சிவப்பு வைத்த மரங்கொத்தி. பனியில் சிறகு நனைந்த மயில்கள் கிளையில் உட்கார்ந்திருந்தன. அம்மா பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சித்தியிடம் கொடுத்தாள், சித்தி ஆன்ட்டியிடம், ஆன்ட்டி என்னிடம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு குட்டைக்கு எதிரில் ஜீப்பை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள். உட்கார்ந்தோம். என் கால் மரத்துப்போயிற்று. பசித்தது. கார்டு மெதுவாகத் திரும்பி, போகலாமா என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் நிக்கலாம்ண்ணே."

"நேத்து சார்ங்க இங்க நிக்கவே உடலீங்க. போலாம் போலாம்னாங்க" என்றார் அவர். அம்மா கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுபடியும் கார்டு திரும்பிப் பார்த்தார். அம்மா வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் வரிசையைவிட்டு நகராமல் நிற்கும்போது அப்படித்தான் ஆட்டுவாள்.

எங்கேயோ ஒரு மான் கத்தியது. மயில்கள் ஒரே சமயத்தில் அலறின. கார்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். உண்ணிச்செடிகளுக்கு நடுவிலிருந்து அது நடந்து வந்தது, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வருகிறவர்கள்போல் சாதாரணமாக வந்தது. நான் நினைத்ததைவிடப் பெரியது, நினைத்ததைவிட மஞ்சள். குட்டைக்கு வந்து முன்கால்களை மடக்கி, தண்ணீர் குடித்தது. நாக்கின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நடுவில் நிறுத்தித் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு மறுபடியும் குடித்தது. எங்களுக்காக அது அவசரப்படவில்லை.

நான் கத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் பைனாகுலரை மடியில் போட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். எங்கள் யாரையும் பார்த்து அப்படி ஒரு சிரிப்பை அவள் சிரித்து நான் கண்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

புலி குடித்து முடித்து, திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

எங்களை விடுதியில் இறக்கிவிட்டு ஜீப் அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கூடலூரிலிருந்து வேன் வந்தது. அப்பா பொட்டலத்தில் இட்லி வாங்கி வந்திருந்தார். இறங்கும்போதே, "இன்னா, புலி குட்மார்னிங் சொல்லுச்சா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"மயிலு நெறைய பாத்தோம். ஒரு மரம் பூரா பச்சைப் புறா. அவ்ளோ அழகு" என்றாள் அம்மா. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சித்தி குனிந்து கம்பளியை மடிக்க ஆரம்பித்தாள். ஆன்ட்டி இருமினாள். மூன்று பேரும் முன்கூட்டிப் பேசி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் சிரித்த சிரிப்பு ஊட்டி வரைக்கும் தாங்கியது. பூசையை விட்டுவிட்டு மயில் பார்த்திருக்கிறார்கள்! அப்பா பெரிய மனது பண்ணி அம்மாவைத் தேற்றவும் செய்தார். புலியெல்லாம் எல்லார் கண்ணுக்கும் மாட்டாது என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவின் காதில், சொல்லும்மா, சொல்லும்மா என்று அரித்தேன். "வாய மூடிகினு வா" என்றாள் அவள், கோபமில்லாமல்.

நான் யோசித்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அந்த வருடம்தான் கோயிலில் வகுப்பு வைத்து எனக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை, கொடுத்திருந்தார்கள், பாவங்களின் கணக்கெல்லாம் மனப்பாடம். பூசை நேரத்தில் பார்த்த புலி. அதைச் சொன்னால் பாவம் இரட்டிப்பாகும், அதனால்தான் அம்மா மறைக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அவள் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றபோது, வெளியே வரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போலத்தான் வந்தாள். ஆனால் என் சந்தேகம் தீரவில்லை. ஸ்கூலில், கிரவுண்டில், மாடிப்படியில் அண்ணன் அப்பாவின் புலியை அவிழ்த்துவிட்டபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நரகத்துக்குப் போய்விடக் கூடாதே!

தொண்ணூறுகளில் அப்பா ரிட்டயர் ஆனார். அன்றைக்கு வீட்டில் நடந்த விருந்திலும் புலி வந்தது, இந்தத் தடவை ஜீப்பின் பானெட்டில் ஒரு கால் வைத்தது. சித்தி பாயசக் கிண்ணத்தோடு சமையலறைக்குள் ஓடி வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் நான் அம்மாவைக் கேட்டேன்.

"ஏம்மா சொல்லல?"

அம்மா வாணலியில் வடையைத் திருப்பிப் போட்டாள்.

"சொல்லிருந்தா அதையும் உங்கப்பாதான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்திருப்பாரு."

ஒன்பது வயதில் இது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஆன்மாவுக்காக, அந்த வருடம் முழுக்க, தூங்கும் முன் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.