துருத்தி போடுறவனும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

கிட்ட வந்து உட்காருங்க. ஆர்கனுக்குத் துருத்தி போடுறவன் சத்தமாப் பேசிப் பழகலை. ரங்கூன்ல போட்டாதாங் பக்கம் எங்க சர்ச் கோயில்ல பெரிய குழல் ஆர்கன். மோட்டார்தான் காற்றடிக்கும். ஆனா இங்க மீ, அதான் கரண்டு, எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்? போனதும் பின்பக்கக் கைப்பிடியை நான் ஏற்றி இறக்கணும். முன்னால வாசிக்கிறவங்களுக்குக் கைதட்டு, பின்னால நமக்குத் தோள்வலி. உங்க வேலையும் இப்படித்தானே?

பூசை

கிறிஸ்மஸ் கச்சேரிக்கு எங்க ஆர்கன்காரப் பொண்ணு ரோசா, முந்நூறு வருசத்துக்கு முந்தின ஒரு பிரெஞ்சுக்காரரோட பாட்டுகளை எடுத்தா. பூசைக்கு எழுதுவார், அரசர் விருந்துக்கு எழுதுவார், நாடக ஆட்டத்துக்கும் எழுதுவார். ஓரிடத்துல நிக்காத மனுசர். முதல் ஒத்திகையில மீ இல்லை, கைப்பிடி என் கையில. பூசையில ஆர்கன் ஒரு வரி, பாடகர்கள் ஒரு வரி. பெரிய குழல் திறந்தா காத்து குடம் உடைஞ்ச மாதிரி போகும். எனக்கு மூச்சு முட்டுச்சு. ரோசா சொன்னா: "மாமா, அவங்க பாடுறப்போ ஓய்வெடுங்க, உங்களுக்காகத்தான் இடம் விட்டு எழுதியிருக்கார்."

ஆட்டம்

அடுத்து நாடக ஆட்டத்துக்கு எழுதின பாட்டு. காது கேட்டா கை சும்மா இருக்குமா? கைப்பிடியைத் தாளத்துக்குத் தாளம் அடிச்சேன். துருத்திக்கு அது ஆகாது, ஒரே சீரா போகணும். குழலுக்கெல்லாம் விக்கல்! ரோசா தலையை நீட்டினா: "மாமா, நீங்க ஆடாதீங்க, காத்து மட்டும் குடுங்க!"

தலைவர்

கோயில் கமிட்டித் தலைவர் அந்தோணி ஐயா காதுக்கு இந்த ஆட்டப் பாட்டு விஷயம் போயிடுச்சு. கூத்துப் பாட்டு இருந்தா கச்சேரியே கிடையாதுன்னார். மழைக்காலம் பூரா விரல் நோகப் பழகின பொண்ணு, முகம் செத்துப்போச்சு. "பூசை எழுதின அதே கைதான் ஐயா இதையும் எழுதுச்சு," என்றா. அவர் விட்டுக்கொடுக்கலை: "கை ஒண்ணா இருக்கட்டும், கேட்டா கால் ஆடுதே!"

கைப்பிடி

கடைசி ஒத்திகை. ஐயா வேண்டாம்னும் ரோசா ஆட்டத்தை எடுத்தா, பாதியில மீ போச்சு. நான் அடிச்சிக்கிட்டிருக்கேன், ஐயா பின்பக்கம் வந்து, "நிறுத்துப்பா!"ன்னார். அதே நேரம் என் தோள் புடிச்சுக்கிச்சு, ஐயோன்னு அலறிட்டேன். ரோசா வாசிப்பை விடாம கத்தினா, "ஐயா, மாமாவுக்கு முடியலை, கொஞ்சம் பிடிங்க!" இரக்கப்பட்டுப் பிடிச்சார், மாட்டிக்கிட்டார். விட்டா குழலெல்லாம் மாடு மாதிரி அலறி அடங்கும், பாடகர்கள் அத்தனை பேரும் அவரையே பார்க்குறாங்க. வேர்த்து ஊத்த முழுசும் அடிச்சு முடிச்சு, "நானே காத்தடிச்சிட்டு நானே எப்படி வேண்டாம்பேன், இருந்துட்டுப் போகட்டும்!" என்றார்.

அவர் முகம் துடைக்கக் கைப்பிடியை விடுறதுக்குள்ள, ரோசா அந்த ஆட்டத்தோட முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி ஆரம்பிச்சுட்டா.