கடல் தாண்டாத பாட்டு

என் அக்கா ரொறன்ரோவில் இருந்துகொண்டு கொழும்பு விளம்பரம் கேட்டவள். சிரிக்காதீர்கள், உண்மை. வெள்ளவத்தைச் சேலைக்கடையில் என்ன மலிவு, யார் வீட்டில் செத்தவீடு, எல்லாம் கொழும்பில் காலி வீதியில் குடியிருக்கும் எனக்கு முதல் அவளுக்குத் தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ் வானொலி இருக்கிறது. அதை அவள் இணையத்தில் கேட்பாள். இங்கே மாலையில் நேயர் விருப்பம் போகும்போது அவளுக்கு அங்கே காலைத் தேத்தண்ணி நேரம்.

பாட்டு மட்டும் கேட்காது. அறிவிப்பாளர் பாட்டைச் சொன்னதும் ஒரு பெண்குரல் வந்து, உரிமை இல்லாததால் இந்தப் பகுதியை உங்கள் நாட்டில் கேட்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லும். பிறகு ஒரு சத்தமும் இராது. பாட்டு முடிந்தபின் அறிவிப்பாளர் திரும்ப வருவார். "நாசமாய்ப் போவாங்கள், விளம்பரத்துக்கு மட்டும் உரிமை இருக்கோ?" என்று நான் போனில் கத்துவேன். அக்காவுக்குக் கோபமே வராது. அந்த இடைவெளியில் அவளே பாடுவாள். "பாட்டுக்காரி நானிருக்க உனக்கென்னடி கவலை?" என்பாள்.

அவளுடைய தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது. அப்போதும் வானொலியை அவள் விடவில்லை. பாட்டு வரவேண்டிய நேரம் முழுக்க அவளுடைய அறை அமைதியாய்க் கிடக்கும் என்று அக்காவின் மகள் சொன்னாள்.

இந்தப் பிறந்தநாள்தான் கடைசி என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் தெரியும். பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு வேண்டும், வானொலியில் போடச் சொல்லு என்று வட்ஸ்அப்பில் எழுதினாள். நானே போனுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அனுப்பிறது வெறும் பாட்டு. எங்கட ஆக்களின்ரை பேர் வாசிச்சு, ரேடியோவில வரவேணும்" என்று பதில் வந்தது. வட்ஸ்அப்பில் அவளைக் கூப்பிட்டு, போனை என் ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்தும் பார்த்தேன். வட்ஸ்அப் பாட்டை இரைச்சல் என்று நினைத்து மென்று துப்பியது.

பஸ் ஏறி நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அறிவிப்பாளருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"அன்ரி, எங்களுக்கு இலங்கைக்கு மட்டும்தான் உரிமை. கனடாவுக்கு வேற, லண்டனுக்கு வேற வாங்கவேணும். மீறினா ஸ்டேஷனையே மூடிப்போடுவாங்கள்."

"கேக்கிறவளே போகப்போறாள் தம்பி. ஒருக்காப் போட்டா ஆருக்கு நட்டம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பேச்சுக்குத் தடையில்லை அன்ரி. நீங்க போனில வந்து வாழ்த்துங்கோ. அது அங்கயும் கேக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களவர் இருந்தார். வெளிநாட்டு ஒலிபரப்பைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். "சிந்துவ ஆவொத் வஹனவா நோனா," பாட்டு வந்தால் மூடிவிடுவேன் என்று சிரித்தார். எவ்வளவு நல்ல மனிதர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு மூளை வேலை செய்தது. நானே பாடினால்? என் வாய், என் குரல், இதற்கு எவனிடம் உரிமை வாங்கவேண்டும்? நான் பாடினால் தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கும் என்று அக்கா சின்ன வயதிலிருந்தே நக்கலடிப்பாள். பரவாயில்லை, கேட்டுச் சிரிக்கட்டும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பிறந்தநாளன்று தங்கை, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று அறிவிப்பாளர் எல்லோருடைய பெயரையும் அழகாக வாசித்து, என்னை இணைத்தான். "அக்கா, நான்தான். கேளு" என்றேன். பாடத் தொடங்கினேன். அவன் குறுக்கிடவில்லை. மேலே போகிற இடத்தில் குரல் பிசிறியது, நான் விடவில்லை. பல்லவி, இரண்டு சரணம், எல்லாம் பாடி முடித்துவிட்டுக் குசினியில் அடுப்படி நிலத்தில் குந்தியிருந்து சந்தோஷத்தில் அழுதேன்.

அன்றிரவு அக்கா நினைவு தப்பினாள். பிறகு எழும்பவில்லை.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்தபின் அக்காவின் மகள் போனில் பேசினாள். "முதல் வரி கேட்டது சின்னம்மா. பிறகு அந்த இங்கிலிஷ்காரி வந்திட்டாள்."

அறிவிப்பாளனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவனும் அழுதான். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் பாஷை தெரியாது அன்ரி, பாட்டெண்டு மூடிட்டார். ஆனா ஆர் பாடினாலும் பாட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கினம். சட்டப்படி அவர் செய்தது சரிதான்." சரிதானாம். என்ன கோதாரிச் சட்டமோ!

மகள் இன்னொன்றும் சொன்னாள். சத்தம் நின்றதும் வானொலி போட்டிருந்த போனை அவள் எடுத்து நிறுத்தப் போனாளாம். அக்கா கையை நீட்டித் தடுத்தாளாம். திரும்ப அறிவிப்பாளர் வந்து சேலைக்கடை விளம்பரம் போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "நீங்க வருவீங்கள் எண்டு காத்துக்கொண்டிருந்தவ சின்னம்மா."

அவள் காத்திருந்த அந்த நேரம் முழுக்க நான் பாடிக்கொண்டுதான் இருந்தேன்.