கார் கொடுத்த கரண்டும் ஒரு கேத்தில் தண்ணீரும்

"அன்ரன், மெஷின் நிண்டு போச்சு. கார் கரண்ட் குடுக்குதில்லை."

வெள்ளவத்தையிலிருந்து டீச்சர் இப்படிப் போன் எடுத்தபோது நான் கொழும்பின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில், காற்றுக்குப் பறந்துபோன என் வீட்டுக் கூரைத் தகரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மெஷின் என்றால் அவருடைய கணவருக்கு மூச்சுக் கொடுக்கும் ஒட்சிசன் மெஷின். கார் என்றால், கரண்ட் போகும் நேரத்தில் அந்த மெஷினை ஓட்டுவதற்காக வீட்டு வயரிங்கோடு நானே தொடுத்து வைத்த மின்சாரக் கார். முப்பத்தெட்டு வருஷ வயரிங் வேலையில் எனக்கு வந்த மிக மோசமான போன் அதுதான். வேலை பழகும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன், என் பிழையையும் சேர்த்து.

1. இரண்டு தலை வயர்

அதற்கு நாலு மாதம் முன்னர்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர், நான் சேர் என்று கூப்பிடுபவர், நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர், நெஞ்சு பழுதாகி இப்போது மெஷின் இல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் வர வாங்கிய கார் வாசலில் நின்றது. சார்ஜ் போடும் வாயிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வயர் மட்டும் செய்து தாங்கோ, அன்ரன். ரெண்டு பக்கமும் பிளக். ஒண்டைக் காரில குத்தி மற்றதைச் சுவரில குத்தினா வீடு முழுக்கக் கரண்ட் வருமாம். பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டருக்கு அப்பிடித்தான் செய்தவர்."

"செய்ய மாட்டேன், டீச்சர்."

"ஏன்? சின்ன வேலைதானே."

"சின்ன வேலைதான். ஆனா மெயின் சுவிட்சை ஓஃப் பண்ண மறந்தா அந்தக் கரண்ட் ரோட்டு லைனுக்கும் போகும். லைன்ல கரண்ட் இல்லையெண்டு நம்பி போஸ்ட்ல ஏறுறவன் செத்துப் போவான். கழண்ட பிளக்கில கை பட்டா நீங்களும்தான்."

"நான் மறக்கமாட்டன்."

"நீங்க மறக்க மாட்டீங்க. நீங்க ஆஸ்பத்திரியில நிக்கிற நாளில வேற யாரு போடுவாங்க?"

டீச்சருக்குக் கோபம். ரெண்டு நாள் பேச்சில்லை. வேறு யாராவது ஒரு மணித்தியாலத்தில் அந்த வயரைச் செய்து கொடுத்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் என்று இருந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "சரி, உங்கட முறையிலயே செய்யுங்கோ."

2. கணக்குச் சரிதான்

என் முறை இதுதான். ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மேலே தள்ளினால் ரோட்டுக் கரண்ட், கீழே தள்ளினால் கார்க் கரண்ட். இரண்டும் ஒரு நாளும் சந்திக்காது. காருக்கென்று சின்னதாகத் தனி போர்ட், அதற்கு வேறாக ட்ரிப் சுவிட்ச், எர்த். அந்தக் கார் கொடுப்பது இரண்டாயிரத்து இருநூறு வாட்ஸ்தான். அதனால் மெஷின், ரெண்டு பேன், நாலு லைட், பிரிட்ஜ் மட்டும் அந்தப் போர்ட்டில். குசினிச் சொக்கெட், தண்ணி மோட்டர், அயர்ன் ஒன்றும் இல்லை.

டீச்சர் கொப்பியில் கூட்டிப் பார்த்தார். எழுநூறு வாட்ஸைத் தாண்டவில்லை. முழு சார்ஜ் இருந்தால் இரண்டரை, மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். "கணக்குச் சரி," என்று சிவப்புப் பேனையால் சரி போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரிட்ஜ் இருந்தது சாப்பாட்டு அறையில். அது குத்தியிருந்தது இரட்டைச் சொக்கெட்டில். ஒரு பக்கம் பிரிட்ஜ், மறு பக்கம் சும்மா. சும்மா இருந்த அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அப்படியே விட்டேன்.

3. வாசலில் செருப்பு

பெரிய காற்று அடித்ததில் டீச்சர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் மரம் விழுந்து லைன் அறுந்தது. முதல் நாள் முழுக்கக் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அந்தப் போன்.

"புதுசா ஏதும் குத்தினீங்களா, டீச்சர்?"

"ஒண்டும் குத்தேல்லை. காரடிக்குப் போனதைத் தவிர நான் இவரை விட்டு அசையவே இல்லை. மூண்டு தரம் திருப்பிப் போட்டன், உடன நிண்டிட்டுது. இப்ப கார் ஒரேயடியா மாட்டன் எண்டுது."

"கைவசம் இருக்கிற ஒட்சிசன் சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு?"

"முள்ளு சிவப்புக்குக் கிட்ட. முக்கால் மணித்தியாலம் வரும்."

ஒழுங்கையை மரம் அடைத்திருந்ததால் அம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. "சிலிண்டரைப் போடுங்க. காரைத் தொட வேணாம். நான் வாறேன்," என்றேன்.

த்ரீவீல்காரனிடம் சிங்களத்தில் "மல்லி, இக்மனட்ட யமு," தம்பி, கெதியாப் போவம் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். அவனும் பாவம், காலி வீதித் தண்ணீருக்குள் எவ்வளவுதான் விரைவான்? புனித அந்தோனியாரையும் விட்டுவைக்கவில்லை, அவரிடமும் அதையே சொன்னேன். ஒழுங்கை முனையில் இறங்கி, டூல் பையோடு மரத்தில் ஏறிக் குதித்து ஓடினேன்.

வாசலில் ஒன்பது சோடிச் செருப்பு.

அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. காற்றடித்த மறுநாள், வீட்டில் வருத்தக்காரர். சொந்தக்காரர் நடந்தே பார்க்க வந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பும் வீடு வெள்ளவத்தையில் இல்லை.

நேரே சாப்பாட்டு அறைக்குப் போனேன். பிரிட்ஜ் பிளக்குக்குப் பக்கத்தில் கேத்தில் பிளக். டீச்சரின் மச்சாள், சேரின் தங்கச்சி ராணியக்கா, கேத்தில் சுவிட்சை அமத்திக்கொண்டு நின்றார்.

"இந்தக் கேத்தில் பழுது போல, தம்பி. ஒரு மணித்தியாலமாக் கொதிக்குதில்லை."

"இதில ஏன் குத்தினீங்க, அக்கா?"

"காஸ் அடுப்புக்கு நெருப்புப்பெட்டியைக் காணேல்லை, குசினியில ஒண்டிலயும் கரண்ட் இல்லை. வந்த சனத்தை வெறும் வாயோட அனுப்பேலுமே? பிரிட்ஜ் ஓடுறதைப் பாத்து இதில கரண்ட் இருக்கெண்டு கண்டுபிடிச்சனான்."

கேத்தில் மட்டும் இரண்டாயிரம் வாட்ஸ். கார் தாங்காமல் நின்றுவிட்டது. டீச்சர் ஒவ்வொரு முறை திருப்பிப் போடும்போதும் கேத்திலும் சேர்ந்து எடுத்திருக்கிறது.

கேத்திலைப் பிடுங்கினேன். போர்ட்டில் எல்லா பிரேக்கரையும் இறக்கினேன். காரின் பிளக்கைக் கழற்றி, காரைப் பூட்டி, ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். அவசரப்பட்டால் அது திரும்பவும் மறுக்கும். சேரின் விரலில் மாட்டியிருந்த, ஒட்சிசன் அளக்கும் கருவி எண்பத்தைந்து காட்டியது; தொண்ணூறுக்குக் குறையக்கூடாது. சிலிண்டர் முள் சிவப்புக்குள் போயிருந்தது. என் கையில் தங்கியிருந்த ஓர் உயிரை நான் ஒரு வெறும் சொக்கெட்டில் விட்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மனதில் ஓடவில்லை.

பிளக்கைத் திரும்பப் போட்டு, மெஷின் பிரேக்கரை மட்டும் ஏற்றினேன். மெஷின் இரைந்தது. எண்பத்தாறு. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று வந்தபிறகுதான் மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன்.

4. யாருடைய பிழை

டீச்சர் மச்சாளை ஏசத் தொடங்கினார். ராணியக்கா அழுதார்.

"அவங்கள ஏச வேணாம், டீச்சர். சொக்கெட் இருந்தா மனுசர் குத்தத்தான் செய்வாங்க. அதை விட்டுட்டுப் போனது நான்."

அந்தச் சொக்கெட்டைக் கழற்றி எறிந்தேன். பிரிட்ஜைப் பியூஸோடு நேரே லைனில் கொடுத்து, சொக்கெட் இருந்த ஓட்டையை மூடினேன். கார் லைனில் கை போகக்கூடிய இடம் வேறு ஏதும் இருக்கிறதா என்று அறை அறையாகப் பார்த்தேன். இரவும் அங்கேயே நின்றேன். ரோட்டுக் கரண்ட் வரும்வரை போவதில்லை என்று வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் லைன்மேன் வந்தார். உள்ளே பேன் சுற்றுவதைக் கண்டு போஸ்ட்டடியிலேயே நின்றுவிட்டார். கூட்டிவந்து சேஞ்ச் ஓவரைக் காட்டினேன். தன் டெஸ்டரால் லைனைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார், ஏறினார். டீச்சர் வாசலில் நின்று அவர் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அந்த வயரைக் கேட்டனான் எல்லோ," என்றார்.

நான் பையைத் தூக்கியபோது மூக்கில் குழாயோடு சேர் கை காட்டி மறித்தார். "அன்ரன், தேத்தண்ணி குடிக்காமல் போகேலாது."

ராணியக்கா காஸ் அடுப்பில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கோப்பை குடித்தேன்.

இப்போது எந்த வீட்டுக்குக் கரண்ட் பேக்கப் போடப் போனாலும், மெஷின் எத்தனை வாட்ஸ், பேன் எத்தனை என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: "வீட்டுக்கு யார் யார் வருவாங்க, வந்தா என்ன குடுப்பீங்க?" சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் பதிலை எழுதிக்கொண்டுதான் வயரைத் தொடுகிறேன்.