பூங்காச் சுவரில் ஒட்டிய சாமி

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நகராட்சிப் பூங்காவைப் பராமரிக்க ஓர் அறக்கட்டளை உண்டு. அதில் நான் துணைத் தலைவர். சம்பளம் கிடையாது, வேலையும் கிடையாது. கூட்டத்தில் பஜ்ஜி வந்தால் தலைவருக்கு அடுத்து எனக்குத்தான் நீட்டுவார்கள். அப்படிச் சும்மா இருந்தவன் ஒரு நாள் வாயைத் திறந்து யோசனை சொல்லிவிட்டேன்.

பூங்கா கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் அந்தச் சுவரோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். "சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டிடலாங்க. ஒருத்தனும் ஒதுங்க மாட்டான்" என்றேன். எல்லா ஊரிலும் செய்வதுதான். உடனே ஒப்புக்கொண்டார்கள். லிங்கம் படம் ஒன்றை நானே கடையில் பார்த்து எடுத்தேன்.

வேறு ஊராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இங்கே மலை சுற்ற வருகிறவர்கள் வழியில் எந்த லிங்கத்தைக் கண்டாலும் நின்று கும்பிடுவார்கள். அடுத்த பௌர்ணமிக்கே டைல்ஸுக்கு மாலை விழுந்தது. யாரோ திருநீற்றுத் தட்டு வைத்தார்கள். சுவரடியில் கற்பூரமும் அகல்விளக்கும் எரிந்தன. நாற்றம் போய்விட்டது. கூடவே, பக்கத்தில் நின்ற புங்கங்கன்றின் கீழ்க்கிளைகளும் கருகிப் போயின.

அந்தக் கன்றை வைத்தவர் எங்கள் பொருளாளர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. கோடை முழுக்க ஸ்கூட்டரில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர்.

"இன்னொரு பௌர்ணமி இது தாங்காதுங்க. டைல்ஸ எடுத்துடுங்க" என்றார் கூட்டத்தில்.

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். கொத்தனாரைக் கூப்பிட்டால், "ஒட்டச் சொன்னா ஒட்றேன் சார். பேக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று போய்விட்டார்.

"யோசனை சொன்னவரே பேக்கட்டும்" என்றார் அம்மா.

மறுநாள் காலை உளியும் சுத்தியலுமாகப் போனேன். சாமி காரியம் என்ற பயத்தில் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையப் பட்டை போட்டிருந்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கண்ணை மூடினேன். திறந்தால் எதிரே ஒரு குடும்பமே கைகூப்பி நிற்கிறது.

"சாமி, திருநீறு குடுங்க. கீழ்பென்னாத்தூர்லேர்ந்து வர்றோம்."

பூசாரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் உளி எதற்கென்று கேட்பார்களே. அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தேன். கைக்குழந்தைக்கு நானே பூசிவிட்டேன். அவர்கள் நகர்ந்ததும் பின்னால் ஸ்கூட்டர் நின்றிருந்தது தெரிந்தது.

"ஜாஸ்தியா வேணாம் சார். எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்று அம்மா கையை நீட்டினார். முகத்தில் சிரிப்பில்லை.

அன்றைக்கே ஆள் வைத்துக் கன்றை வேர்மண்ணோடு பெயர்த்து ஊஞ்சல் பக்கம் நட்டார். நான் கடப்பாரையைத் தொடப் போனேன்.

"தள்ளி நில்லுங்க சார். மறுபடி ஏதாவது யோசனை வந்துடப் போவுது."

இலையெல்லாம் கொட்டிக் கன்று வெறும் குச்சியாக நின்றது. அவர் தினமும் வந்து தண்ணீர் ஊற்றினார். நான் எதிர்ப்பக்கமாகவே நடைப்பயிற்சி போனேன். மழை தொடங்கியதும் துளிர்த்துவிட்டதாம். அறக்கட்டளையில் எல்லோருக்கும் அவரே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பூங்கா வாட்ச்மேன் சொன்னார்.