அக்கா கட்டாத இஞ்சிக்கொத்து

பொங்கல் சீரோடு நான் கொண்டுபோன இஞ்சிக்கொத்தை என் அக்கா கனகாம்பாள் ஒரு வருஷம்கூடப் பானையில் கட்டியதில்லை. அந்தக் கோபம் எனக்கு இருபது வருஷமாக உண்டு. சிதம்பரத்தில் தன் வீட்டுச் சாக்கில் வளர்ந்ததைத்தான் கட்டுவாள்.

“கடையில வாங்கியாந்தத எதுக்குடா கட்டணும்? நீயே வளத்துக் கொண்டாடா,” என்பாள்.

முதுநகரில் என் வீட்டு மாடியில் வைத்தேன், கடல்காற்றில் இலை கருகியது. தரையில் நட்டேன், மழைத்தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகியது. இந்த வருஷம் மணல் கலந்த சாக்கில், காற்றுப் படாத சுவரோரம் வைத்ததும் தழைத்துவிட்டது. அதற்குள் அக்காவுக்குக் கிட்னி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஓர் இலையைக் கொடுத்தேன். கசக்கி மோந்து பார்த்தாள். கடைசியாக என்னிடம் சொன்னது இதுதான்:

“தேறிட்டடா. தை வரைக்கும் நான் தாங்க மாட்டேன். எழவு உழுந்தா எங்க ஊட்ல பொங்கல் கெடையாது. நீ உங்க ஊட்டுப் பானையில கட்டிடு.”